கம்பளமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும்

குளிர்நாடுகளில் வாழ்வோருக்குத் தரைக்கம்பளம் ஆடம்பரப் பொருள் மட்டுமன்று. கல்லும் பலகையுமான தரையின் குளிரை அது தடுக்கிறது. நடப்போரின் காலடியோசையையும் அடக்குகிறது. ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலையுண்டு. கம்பளம் எவ்வளவு தடிப்பானதோ அவ்வளவுக்கு அது தூசியை மறைத்து வைத்துக்கொள்ளும். மேலே கிடக்கும் பஞ்சும் மயிரும் கண்ணுக்குத் தெரியும். மிதிபட்டுக் கீழிறங்கிய நுண்மணலோ இழைகளின் அடியில் தங்கி, ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அவற்றை அராவிக்கொண்டேயிருக்கும். இம்மணலை வெளியேற்ற மனிதர் பட்ட பாடே தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் வரலாறு எனலாம். தடித்த கம்பளத்துக்கு நம்பகமான இயந்திரத்தைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கும் அவ்வரலாறே விடை தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் கம்பளத்தைச் சுருட்டி வெளியே கொண்டுசென்று, கயிற்றிலே தொங்கவிட்டு, பிரம்பு மட்டையால் அடிப்பதே வழக்கம். மணல் உதிர்ந்தது உண்மை; ஆனால் தூசியின் பெரும்பங்கு அடிப்பவரின் மூக்கிலும் நெஞ்சிலும் புகுந்தது. 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மெல்வில் பிஸ்ஸெல் என்பார், தள்ளும்போது சில்லுகளோடு தூரிகையும் சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் சேர்க்கும் கருவி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். விளக்குமாற்றிலும் அது மேலானது. எனினும் அது மேற்பரப்பைக் கூட்டியதேயன்றி அடிமணலைத் தொடவில்லை.

அடுத்த முயற்சி காற்றைத் துணைக்கு அழைத்தது. 1901ஆம் ஆண்டு இலண்டன் அரங்கொன்றில், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் இயந்திரமொன்று காட்டப்பட்டது. அதனைப் பார்த்திருந்த பொறியியலாளர் ஹியூபர்ட் செசில் பூத், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று சிந்தித்தார். உணவுச்சாலை நாற்காலியொன்றின் மெத்தைமீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்றும், மூச்சுத் திணறியபோதிலும் கைக்குட்டையில் படிந்த அழுக்கைக் கண்டு மகிழ்ந்தார் என்றும் கூறுவர். அவர் அமைத்த இயந்திரம் பெற்றோலால் இயங்கியது. குதிரைவண்டியில் ஏற்றப்பட்டுத் தெருவில் நின்றது. அதிலிருந்து நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியாக வீட்டுக்குள் சென்றன. 1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்கள் இவ்வியந்திரத்தாலேயே துப்புரவாக்கப்பட்டன. அரண்மனைக்கும் செல்வருக்கும் அது ஏற்றது; எளிய குடும்பத்துக்கு அது எட்டாப் பொருளாகவே இருந்தது.

வீட்டுக்குரிய சிறிய இயந்திரத்தை அமைத்தவர் கல்விமானுமல்லர், செல்வந்தருமல்லர். ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரில், பல்பொருள் அங்காடியொன்றைக் கூட்டித் துப்புரவு செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவரே அவர். ஆஸ்துமா நோயாளியாகிய அவருக்கு விளக்குமாறு கிளப்பிய தூசி நாளும் துன்பமாயிற்று. வேலையை விட்டால் ஊதியமில்லை, விடாவிட்டால் மூச்சில்லை. இந்த நெருக்கடியில், 1907இல், விசிறி மோட்டர், மரப்பெட்டி, விளக்குமாற்றுப் பிடி, தலையணை உறை ஆகியவற்றைக்கொண்டு ஓர் இயந்திரத்தை அவர் பொருத்தினார். அதன் முகப்பில் மோட்டரால் சுழலும் தூரிகையையும் அமைத்தார். 1908இல் ஆக்கவுரிமை கிடைத்தது. பெருமளவில் உற்பத்தி செய்யப் பணமின்மையால், தோற்பொருள் வணிகராகிய வில்லியம் ஹென்றி ஹூவருக்கு அவ்வுரிமையை விற்றார். இயந்திரத்துக்கு ஹூவரின் பெயர் நிலைத்தது. ஸ்பாங்லர் 1915இல் காலமானார்.

ஹூவர் நிறுவனம் 1926இல் அச்சுழலும் உருளையில் உலோகச் சட்டங்களைச் சேர்த்தது. உறிஞ்சும் காற்று கம்பளத்தைச் சிறிது மேலே தூக்க, சட்டங்கள் அதனைத் தட்டின. உதிர்ந்த மணலைத் தூரிகை வாரியது. பழைய பிரம்பு மட்டையின் வேலை, தூசி வெளியே பறவாதபடி, இயந்திரத்தின் உள்ளேயே நடைபெறலாயிற்று. தடித்த கம்பளத்துக்கு உறிஞ்சல் மட்டும் போதாது. அசைத்தலும் வாரலும் வேண்டும் என்பதை இது நிலைநாட்டியது. ஆயினும் வளைய இழைக் கம்பளங்களைச் சுழல்தூரிகை பிய்த்துவிடக்கூடும். ஆதலின் தூரிகையை நிறுத்தவும் முகப்பின் உயரத்தை மாற்றவும் வசதியுள்ள இயந்திரமே தக்கது.

இரண்டாவது பாடம் தூசிப்பையைப் பற்றியது. பையின் நுண்துளைகள் அடைபட அடைபட உறிஞ்சும் வலுக் குறையும். இக்குறையைக் கண்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ் டைசன், காற்றைச் சுழியாகச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் முறையில், 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே வெற்றி கண்டார். 1993இல் அவரது பெயரிலேயே இயந்திரம் சந்தைக்கு வந்தது. பையில்லா இயந்திரத்திலும் வடிகட்டியைக் கழுவுதல் வேண்டும். பையுள்ளதில் பையைக் காலத்தோடு மாற்றுதல் வேண்டும். இரண்டிலும் கவனமின்மையே பெரும் பகை.

மூன்றாவது பாடம் எண்களைப் பற்றியது. உவாற்று மிகுந்தால் இயந்திரம் சிறந்தது என்பது பலர் கொண்ட எண்ணம். உவாற்று என்பது செலவாகும் மின்வலுவின் அளவேயன்றிச் செய்த வேலையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1,600 உவாற்று என்றும், 2017இல் 900 உவாற்று என்றும் எல்லை வகுத்தது. மோட்டர் 500 மணிநேரமாவது உழைக்க வேண்டும் என்றும், குழாய் 40,000 தடவை வளைந்தாலும் பயன்பட வேண்டும் என்றும் 2017இலிருந்து விதித்தது. வாரத்துக்கு ஒரு மணிநேரம் இயக்கினால், 500 மணிநேரம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வரும். அதே ஒன்றியத்தின் தரச்சீட்டு முறையை 2018இல் நீதிமன்று நீக்கியது. வெறும் பையோடு நடத்திய சோதனை வீட்டிலுள்ள உண்மை நிலையைக் காட்டாது என்பதே காரணம்.

ஆகவே, இயந்திரம் வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை மாத்திரம் நம்புதல் தகாது. தடித்த கம்பளத்தின் மேல் அதனை இயக்கிப் பார்த்தலும், பை, பட்டி, தூரிகை ஆகியன பின்னரும் கிடைக்குமா என்று உசாவுதலும் நன்று. ஓர் ஏழைத் தொழிலாளியின் மூச்சுத் திணறலிலிருந்து பிறந்த கருவி இது. கம்பளத்தில் மணலையும் வீட்டார் நெஞ்சில் தூசியையும் விட்டுவைக்காத இயந்திரமே அவரது நோக்கத்தை நிறைவேற்றுவதாகும்.