மருந்தின் பெயரால் அறம்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. பின்னிரண்டும் சமணச் சான்றோர் யாத்தவை. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும், ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் மாக்காயனாரிடம் ஒருங்கே பயின்ற மாணாக்கர் என்பர்.

திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. இவை பசியைத் தூண்டும், செரிமானம் தரும், சளியை அகற்றும். சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர். கண்டங்கத்திரி இருமலையும் இளைப்பையும் தணிக்கும். நெருஞ்சி நீர்க்கடுப்பை நீக்கும். ஏலாதியோ ஏலம் 1 பங்கு, இலவங்கம் 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 என அளவறிந்து கூட்டும் சூரணம்.

உடற்பிணிக்கு இம்மருந்துகள் போல, உயிர்ப்பிணிக்குப் பாடல்தோறும் முறையே மூன்று, ஐந்து, ஆறு கருத்துகளை இந்நூல்கள் வழங்குகின்றன. அறத்தை விளக்க மருந்தை உவமையாக்கினர் எனில், அம்மருந்துகளை அன்றைய மக்கள் நன்கறிந்திருந்தனர் என்பது தெளிவு. அறியாத பொருளை எவரும் உவமையாக்கார்.

இன்று நிலை தலைகீழாயிற்று. வகுப்பறையில் ஐந்து வேர்களின் பெயரையும் பிழையின்றி ஒப்பித்த மாணவன் ஒருவன், "நெருஞ்சி எப்படி இருக்கும், ஐயா?" என்று வினவினான். பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்திருந்த கொடியைக் காட்டினேன். "காலில் குத்தும் இந்த முள்ளா?" என வியந்தான். ஆண்டுதோறும் பெயரை மட்டுமே கற்பித்துவந்த என் குறையை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் சமயம் வலியுறுத்துகிறது. அன்னதானத்தை விழாதோறும் செவ்வனே நடத்துகிறோம். சாத்திரதானமாக நூல்களையும் பதிப்பிக்கிறோம். ஔடததானம் மருந்து வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. மருந்தறிவை அடுத்த தலைமுறைக்கு வழங்குவதும் அதன் பாற்பட்டதே. பச்சை இஞ்சியைக் கிழங்கென விலக்கும் இல்லங்களிலும் சுக்கு இடம்பெறுவது ஏன் என்பதைக்கூட நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்ல வேண்டும்.

ஜினாலயங்களின் நந்தவனத்தில் பூச்செடிகளோடு கண்டங்கத்திரிக்கும் நெருஞ்சிக்கும் ஒரு பாத்தி ஒதுக்குவோம். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரையும் பயனையும் எழுதி வைப்போம். செடியை அறிந்த பிள்ளைக்கே சிறுபஞ்சமூலம் என்னும் பெயரின் பொருள் முழுமையாக விளங்கும். அறம் வளர்க!