பூங்காவுக்கு மாற்று நிலம்: அமெரிக்க நகரங்களில் பொது நிலப் பரிவர்த்தனையும் பாதுகாப்பு வாதமும்

சீரழிந்துபோன பூங்காவைப் பக்கத்துத் தொழில் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஈடாக வேறொரு துண்டு நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை அமெரிக்க நகரங்களில் பலமுறை எழுந்திருக்கிறது. இருட்டிய பின் யாரும் நுழையாத பூங்கா, புதர் மறைவில் போதைப்பொருள் விற்பனை, ரோந்து வந்து போனதும் மறுபடி கூடும் கூட்டம். அங்கே கடையோ கட்டடமோ வந்தால் விளக்கு எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும், தெரு அமைதியாகும் என்பது வாதம். இதைப் பேராசைக்காரர்களின் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பூங்காவை ஒட்டிக் குடியிருப்பவர்களே இதைக் கேட்ட சந்தர்ப்பங்கள் உண்டு.

பூங்கா நிலத்தைக் கைமாற்றுவது பற்றிய சட்டமும், பூங்காவில் பாதுகாப்பு எப்படி உண்டாகிறது என்ற சிந்தனையும் அந்நாட்டில் நெடுங்காலம் தனித்தனிப் பாதையில் வளர்ந்தன. சட்டம் நிலத்தை அளக்கக் கற்றுக்கொண்டது: ஏக்கர், சந்தை மதிப்பு, தூரம். பாதுகாப்போ அந்த அளவுகோலில் சிக்காத ஒன்று. அதனால்தான் பாதுகாப்பின் பெயரால் நிலம் கைமாறிய இடங்களைவிட, உடைமை மாறாமல் பயன்பாட்டு அனுமதி மட்டும் மாறிய இடங்களே நல்ல பலன் தந்தன என்பது இக்கட்டுரையின் வாதம். சான்றுகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்தத் தகராறு அங்கே ஒன்றரை நூற்றாண்டாக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது.

விற்க முடியாத சொத்து

தொடக்கம் புரூக்ளினில். அப்போது அது தனி நகரம். பிராஸ்பெக்ட் பூங்காவுக்காக அந்நகரம் கட்டாயமாகக் கையகப்படுத்திய நிலத்தை ஃபிளாட்புஷ் சாலை இரண்டாகப் பிளந்தது. பூங்கா வடிவமைப்பாளர்களான ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் புதிய வரைபடம் சாலைக்குக் கிழக்கே இருந்த பகுதியைக் கைவிட்டது. தேவைப்படாத நிலத்தை விற்றுவிடலாம் என்று பூங்கா ஆணையர்கள் முடிவு செய்தார்கள். வாங்க ஒப்புக்கொண்டவரோ கிரயத்தில் வில்லங்கம் இருக்கிறது என்று பின்வாங்கினார். 1871-இல் தீர்ப்பளித்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், நகரத்திடம் முழு உடைமை இருந்தாலும் அது பொதுமக்கள் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கும் உடைமையே என்றது. சட்டமன்றம் அனுமதித்தாலொழிய நகரம் அதைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கிழக்குப் பகுதியில்தான் பின்னாளில் புரூக்ளின் அருங்காட்சியகமும் தாவரவியல் தோட்டமும் எழுந்தன.

சிகாகோ இதைப் பெரிய அளவில் சந்தித்தது. 1869-இல் இல்லினாய் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, மிச்சிகன் ஏரிப் படுகையில் ஏறத்தாழ 1,000 ஏக்கரை இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கம்பெனிக்கு வழங்கியது. 1873-இல் கொடுத்ததைத் திரும்பப் பெற்றது. 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்றது செல்லும் என்றது. பொதுமக்களுக்கான நம்பிக்கைச் சொத்தை அரசு இப்படிக் கைகழுவ முடியாது என்பதே அதன் சாரம். பூங்கா வழக்காக இல்லாதபோதும், பின்னால் வந்த பூங்கா வழக்குகள் பல இதில்தான் கால் ஊன்றி நின்றன.

1920-இன் நியூயார்க் வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடத்தை அமெரிக்கப் பாதுகாப்புக் கழகம் என்ற அமைப்புக்குக் குத்தகைக்கு விட நகரம் முனைந்தது. தொழிற்சாலை விபத்துகளைத் தடுக்கும் சாதனங்களைக் காட்சிக்கு வைப்பது அதன் வேலை. நல்ல காரியம்தான். ஆனால் பூங்கா என்பது மக்கள் இளைப்பாறவும் பொழுது கழிக்கவும் ஒதுக்கப்பட்ட இடம். எவ்வளவு உயர்ந்த நோக்கமாக இருந்தாலும் அந்தப் பயனுக்குப் புறம்பானது உள்ளே வர முடியாது என்று நீதிமன்றம் குத்தகையை நிராகரித்தது. அமெரிக்கப் பூங்காச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று பாதுகாப்பின் பெயரால் வந்த கோரிக்கையை மறுத்துப் பிறந்தது என்பதை ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. அங்கே பேசப்பட்டது தொழிலாளர் பாதுகாப்பு, தெருப் பாதுகாப்பு அல்ல என்பது உண்மை. ஆனால் தர்க்கம் ஒன்றே: நோக்கம் நல்லதாக இருப்பது நிலத்தை எடுக்கப் போதுமான காரணம் ஆகாது.

ஈட்டுக்கு ஈடு

அதுவரை கேள்வி கொடுக்கலாமா கூடாதா என்பது மட்டுமே. கொடுத்தால் பதிலுக்கு என்ன என்ற கேள்வியை நாடு முழுவதற்கும் பொதுவிதியாக்கியது 1964-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம். அந்த நிதியில் ஒரு பங்கு பெற்று வாங்கிய அல்லது மேம்படுத்திய பூங்காவை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். குறைந்தது அதே சந்தை மதிப்புள்ள, பயனிலும் அமைவிடத்திலும் நியாயமாக ஒப்பிடக்கூடிய மாற்று நிலமும் தர வேண்டும். பரிவர்த்தனை இங்கே விதிவிலக்கு என்ற நிலையிலிருந்து நடைமுறை என்ற நிலைக்கு வந்தது. பூங்காவைக் காத்த அதே விதி, பூங்காவுக்கு ஒரு விலைச்சீட்டையும் ஒட்டிவிட்டது.

சியாட்டில் இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டது. மக்கள் கையெழுத்து இயக்கமாகத் தொடங்கி 1997-இல் மாநகராட்சிச் சட்டமான 42-ஆம் முன்மொழிவின்படி, பூங்கா நிலத்தைக் கொடுக்குமுன் வேறு வழியே இல்லை என்று பொது விசாரணை நடத்திய பிறகு கண்டறிய வேண்டும். அளவு, மதிப்பு, அமைவிடம், பயன் நான்கிலும் சமமான அல்லது மேலான நிலம் அருகிலேயே, அதே மக்களுக்குப் பயன்படும்படி கிடைக்க வேண்டும். அதுவும் கொடுப்பதற்கு முன்போ அதே நேரத்திலோ கைக்கு வர வேண்டும். கடைசி நிபந்தனை ஏன் முக்கியம் என்பதை நியூயார்க் பின்னர் காட்டியது.

1970-இல் ஜோசப் சாக்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் மிச்சிகன் சட்ட இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, சிதறிக் கிடந்த தீர்ப்புகளைப் பொது நம்பிக்கைக் கோட்பாடு என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அதன் நிழல் இந்தியா வரை நீண்டது. பியாஸ் ஆற்றங்கரையில் தனியார் விடுதிக்கு வனநிலம் குத்தகைக்கு விடப்பட்ட கமல்நாத் வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் சாக்ஸின் கட்டுரையையும் இல்லினாய் சென்ட்ரல் தீர்ப்பையும் எடுத்தாண்டுதான் இக்கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. லக்னோ நகரப் பூங்கா ஒன்றின் அடியில் தனியார் கட்டிய வணிக வளாகத்தை அகற்றிப் பூங்காவை மீட்கச் சொன்ன 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் அதே கோட்பாடு வருகிறது. அதற்கும் முன்பே, 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்த ஆணை ரத்தானது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கேயும் எடுபடவில்லை.

கண்கள் எங்கிருந்து வருகின்றன

பாதுகாப்புப் பற்றிய சிந்தனை வேறு ஊற்றிலிருந்து வந்தது. 1961-இல் வெளியான ஜேன் ஜேக்கப்ஸின் அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றிய நூல் பூங்காவுக்கு ஒரு தனி அத்தியாயத்தை ஒதுக்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரே காலத்தில் திட்டமிடப்பட்ட, அளவில் ஏறத்தாழ ஒத்த நான்கு சதுக்கங்களை அவர் ஒப்பிட்டார். ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் நாள் முழுதும் நிறைந்திருந்தது. ஃபிராங்க்ளின் சதுக்கம் வீடற்றவர்களின் இடமாகியிருந்தது. வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றி அலுவலகங்கள் மட்டுமே. ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகும் கூட்டம். மற்ற நேரங்களில் ஏற்பட்ட வெறுமையைக் குற்றம் நிரப்பியது. வேறுபாட்டுக்குக் காரணம் பூங்காவுக்குள் இல்லை, அதன் நான்கு ஓரங்களிலும் வெவ்வேறு நேரங்களில் வெளியே வரக் காரணமுள்ள மக்கள் இருக்கிறார்களா என்பதில் இருக்கிறது என்றார் ஜேக்கப்ஸ்.

இந்த அவதானிப்பு பரிவர்த்தனை வாதத்துக்கு இருபுறமும் வெட்டும். ஓரத்தில் கடை வேண்டும் என்பதை அது ஆதரிக்கிறது. ஆனால் கடை பூங்காவின் மேலேயே உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. பார்க்கப் பூங்கா இல்லாமல் போனால் பார்க்கும் கண்ணால் பயன் என்ன?

1972-இல் ஆஸ்கார் நியூமன் தம் தற்காப்பு வெளிக் கொள்கையில் பொறுப்பாளர் யார் என்று தெரியாத இடமே ஆபத்தானது என்றார். பத்தாண்டு கழித்து வில்சனும் கெல்லிங்கும் அட்லாண்டிக் இதழில், சிறு சீர்கேட்டை விட்டுவைத்தால் பெரிய குற்றம் வரும் என்ற உடைந்த ஜன்னல் கருத்தை முன்வைத்தார்கள். மாநகராட்சிகளுக்குப் பிடித்துப்போனது இதுதான், ஏனென்றால் உடனே எதையாவது செய்யச் சொல்கிறது. பூங்காவை யாரிடமாவது தள்ளிவிடும் வேகம் இந்தச் சிந்தனையிலிருந்து பலம் பெற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நகர ஆய்வாளர் வில்லியம் எச். வைட் வேறு விதமாகப் பார்த்தார், அதுவும் கேமராவும் கையுமாக உட்கார்ந்து. நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் பொது நூலகத்துக்குப் பின்னாலுள்ள பிரையன்ட் பூங்கா 1970-களில் போதை வியாபாரிகள் வசம் இருந்தது. 1934-இன் மறுவடிவமைப்பு அதைத் தெரு மட்டத்துக்கு மேலே தூக்கி, வேலியாலும் புதர்ச்சுவராலும் மறைத்திருந்தது. தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது; உள்ளே இருப்பவருக்குத் தப்ப வழி குறைவு. வைட் தந்த மருந்து எளியது: புதர்களை அகற்று, நுழைவுகளைத் திற, நல்லவர்கள் வந்து உட்காரக் காரணம் கொடு. 1980-இல் தொடங்கிய பிரையன்ட் பூங்கா மீட்பு நிறுவனம் 1988-இல் பூங்காவை மூடி 1992-இல் புதிதாகத் திறந்தது. நகர்த்தக்கூடிய நாற்காலிகள், தின்பண்டக் கடைகள், பிறகு ஓர் உணவகம். சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்களிடம் வசூலித்த தொகையும் வாடகையும் பராமரிப்பைத் தாங்கின. நிலத்தின் ஓர் அங்குலம்கூடக் கிரயமாகவில்லை.

இதற்கு எதிர்க்குரலும் வலுவானது. காபி விற்று அமைதியை வாங்கும் இந்த முறையில், காபி வாங்கப் பணமில்லாதவர் எங்கே போவார் என்று சமூகவியலாளர் ஷாரன் ஜூகின் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் நிலம் பொதுவில் இருக்கும்வரை அந்தக் கேள்வியை மாநகராட்சியிடம் கேட்க முடிகிறது. விற்ற பிறகு யாரிடம் கேட்பது?

யாங்கி அரங்கமும் அதன் பிறகும்

பரிவர்த்தனையின் கடும் சோதனை பிராங்க்ஸில் நடந்தது. 2005-இல், சில நாட்களுக்குள், மாநிலச் சட்டமன்றம் மேகோம்ஸ் டேம் பூங்காவையும் மல்லாலி பூங்காவின் ஒரு பகுதியையும் புதிய யாங்கி பேஸ்பால் அரங்கத்துக்காக விடுவித்தது. ஓடுதளமும் ஆடுகளங்களும் வளர்ந்த மரங்களும் கொண்ட, இருபது ஏக்கருக்கு மேற்பட்ட தொடர்ச்சியான வெளி அது. பதிலுக்கு வந்தவை துண்டு துண்டானவை: வாகன நிறுத்தக் கட்டடத்தின் கூரை மேல் ஒன்று, ஹார்லெம் ஆற்றங்கரையில் ஒன்று, பழைய அரங்கத்தை இடித்த இடத்தில் ஒன்று. 2006-இல் வேலை தொடங்கியது, 2009-இல் புதிய அரங்கம் திறந்தது, பழைய இடத்தின் ஆடுகளம் 2012-இல்தான் வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஏக்கர் சரி. தற்காலிக மைதானங்களும் இருந்தன. ஆனால் 2006-இல் பத்து வயதாக இருந்த சிறுவன் ஹெரிடேஜ் ஃபீல்டு என்ற அந்த ஆடுகளம் திறக்கும்போது பதினாறு வயதுப் பையன். முன்போ அதே நேரத்திலோ தர வேண்டும் என்ற சியாட்டில் விதி நியூயார்க்கில் இல்லை.

மாற்று நிலம் பணமாகவும் மாறலாம் என்பதற்கு வான் கோர்ட்லண்ட் பூங்கா சாட்சி. அப்பூங்காவின் கோல்ஃப் மைதானத்தின் அடியில் குடிநீர் வடிகட்டு நிலையம் கட்டச் சட்டமன்ற அனுமதி தேவை என்று 2001-இல் தீர்ப்பு வந்தது. 2003-இல் அனுமதி கிடைத்தபோது, பிராங்க்ஸ் பூங்காக்களுக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது.

இதற்கிடையே யூனியன் சதுக்கத்தில் மற்றொரு வழி முதிர்ந்துகொண்டிருந்தது. போதை வியாபாரத்துக்குப் பேர்போன அந்தச் சதுக்கத்தில் 1976-இல் விவசாயிகள் சந்தை தொடங்கியது. வாரம் சில நாட்கள் லாரியில் காய்கறி கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகும் ஏற்பாடுதான், நம் உழவர் சந்தை போல. சந்தை வளர வளரச் சதுக்கத்தின் முகமே மாறியது. பின்னாளில் அங்குள்ள மண்டபத்தில் பருவகால உணவகம் நடத்த நகரம் அனுமதித்தபோது, இது பூங்கா நிலத்தை மறைமுகமாகத் தாரைவார்ப்பது என்று வழக்கு வந்தது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உணவகத்தை அனுமதித்தது. நேரம், விலை, உணவுப் பட்டியல் எல்லாவற்றிலும் நகரத்தின் கை இருக்கிறது. வேண்டாமென்றால் நகரம் அனுமதியை முடித்துக்கொள்ளலாம். ஆகவே இது குத்தகை அல்ல, வெறும் உரிமம் என்பது காரணம். 1920-இல் அடைத்த கதவை நீதிமன்றம் திறந்துவிடவில்லை. கதவில் ஒரு சிறு சாளரம் வைத்தது.

அந்தச் சாளரத்தின் எல்லை 2017-இல் தெரிந்தது. குவீன்ஸில் இடிக்கப்பட்ட ஷே அரங்கம் இருந்த இடத்திலுள்ள வாகன நிறுத்துமிடத்தில் பெரிய வணிக வளாகம் கட்டும் திட்டம், பக்கத்து வில்லட்ஸ் பாயின்ட்டின் சீரழிவைத் துடைப்பதோடு இணைத்துப் பேசப்பட்டது. பார்வைக்கு அங்கே தார்த்தரை மட்டுமே. ஆனால் சட்டத்தின் ஏட்டில் அது அப்போது பூங்கா. 1961-இன் சட்டம் அரங்கத்துக்கு அனுமதி தந்ததே தவிர வணிக வளாகத்துக்குத் தரவில்லை என்று நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது.

ஆக, இன்றைய நிலையில் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரும் தொழில் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, சட்டமன்ற அனுமதியும் மதிப்பீட்டாளர் சான்றும் மாற்று நிலமும் கொண்ட நீண்ட பாதை. மற்றது, ரத்து செய்யத்தக்க உரிமம். முதல் வழியில் நகரம் பெறுவதை அளக்க அளவுகோல்கள் உண்டு, ஆனால் அவை எதிலும் மாலை ஏழு மணிக்குப் பூங்காவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு இடமில்லை.

அளக்கவே முடியாது என்பதல்ல. 2018-இல் வெளியான ஃபிலடெல்ஃபியா ஆய்வில் 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் குப்பை அகற்றி, புல் விதைத்து, சில மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டுப் பராமரித்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அந்த மனைகளில் யாரும் கடை திறக்கவில்லை, பரிவர்த்தனைப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை. ஜேக்கப்ஸ் எழுதியபோது கைவிடப்பட்டுக் கிடந்த ஃபிராங்க்ளின் சதுக்கமும் அதே ஊரில்தான் இருக்கிறது. 2006-இல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு அங்கே ராட்டினமும் சிறு கோல்ஃப் திடலும் அமைத்து நடத்தத் தொடங்கியது. கட்டணம் விளையாட்டுக்கு மட்டும், உள்ளே நுழைய இல்லை. நிலம் இன்னும் நகரத்துடையது.