அடுத்த டர்ன்ல அவன் என்ன செய்வான்? (புள்ளலூர், 1780)

எங்க ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துலேர்ந்து வேலூர் போற ரோட்டுல பாலுசெட்டி சத்திரம்னு ஒரு இடம் வருமே, அதுக்குப் பக்கத்துல. ராமர் ஜடாயுவுக்குக் காரியம் பண்ணின இடம்னு தலபுராணம். ஊர்க்காரங்க மத்தியில இதைவிடப் பிரபலம் மரகதவல்லித் தாயார் சன்னதிப் பயறுதான். குழந்தை இல்லாத பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கிட்டு ராத்திரி படுப்பாங்க. காலையில அது முளை விட்டிருந்தா குழந்தை நிச்சயம்னு நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்குமான்னு என்கிட்ட கேட்காதீங்க. எங்கம்மாகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

நாளைக்கு என்ன நடக்கும்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கற ஆசை யாரையும் விடறதில்லை. போன மாசம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். கையில எப்பவும் போகிமான். 1996ல ஜப்பான்ல ஆரம்பிச்ச விளையாட்டு, முப்பது வருஷமாகியும் விட்டபாடில்லை. சின்னப் பசங்க சமாச்சாரம்னு நினைச்சுதான் எட்டிப் பார்த்தேன். பார்த்தா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் நகரல.

விஷயம் இதுதான். ஆளுக்கு ஆறு ஜந்துகள். சாதாரணமா ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு களத்துல நிக்கும். செஸ் மாதிரி நீ ஒண்ணு, நான் ஒண்ணு கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம முடிவு பண்ணணும். அடிக்கலாம், இல்ல ஜந்துவை மாத்தலாம். அப்புறம்தான் ரெண்டு முடிவும் வெளியில வரும். என் மின்சார ஜந்துக்கு எதிர்ல தண்ணி ஜந்து நிக்குதுன்னா ஒரே ஷாக்ல காலி. ஆனா அது எதிராளிக்கும் தெரியுமில்லையா? அவன் மண் ஜந்துவை உள்ளே விடுவான். மண்ணுல மின்சாரம் சுத்தமா ஏறாது. அப்போ அவன் மாத்தப் போறான்னு கணிச்சு, மண்ணை அடிக்கிற வேற அடியை நான் முன்கூட்டியே போடணும். நான் அப்படிப் போடுவேன்னு அவனும் கணிச்சு மாத்தாமலே நின்னுட்டா? நான் கோமாளி.

பையன் அப்படித்தான் தோத்தான். கண்ணுல தண்ணி. "நான் யோசிச்சது கரெக்ட்தான் மாமா, அவன்தான் யோசிக்கவே இல்லை!"

இந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்குப் புள்ளலூர் ஞாபகம் வந்துடுச்சு.

புள்ளலூர் எங்களுக்குத் தூரமில்லை. காஞ்சிபுரத்தைத் தாண்டி வடக்கே போகணும். வெள்ளைக்காரன் வாயில 'பொள்ளிலூர்' ஆன ஊர். மகேந்திரவர்மப் பல்லவன் எதிரிகளை இங்கே ஜெயிச்சான்னு காசாக்குடிச் செப்பேடு சொல்லுது. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால ஒளிய வெச்சது இரண்டாம் புலிகேசின்னு 634ஆம் வருஷத்து ஐஹொளேக் கல்வெட்டு சொல்லுது. ரெண்டும் ஒரே சண்டைன்னா ரெண்டு பேருமே ஜெயிச்சிருக்காங்க :-) அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது 1780.

அந்த வருஷம் ஜூலையில ஹைதர் அலி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோட கர்நாடகத்துக்குள்ள (ஆற்காட்டு நவாப்போட சீமைக்கு அப்போ அதுதான் பேர்) இறங்கறார். கம்பெனிப் படைக்குத் தலைமை ஹெக்டர் மன்றோ, 1764ல பக்சார்ல ஜெயிச்ச ஆள். குண்டூர்லேர்ந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோட தெற்கே வந்துகிட்டிருக்கார். ரெண்டு படையும் எங்கே சேரறது? சென்னையிலேயே சேரலாம்னு மக்லியோட் பிரபு சொன்னார். மன்றோ காஞ்சிபுரம்னார். ஆகஸ்ட் 29ந்தேதி அவர் காஞ்சிபுரம் வந்து உட்கார்ந்தாச்சு. சேதி கேட்டு ஹைதர் ஆற்காட்டு முற்றுகையை விட்டுட்டு இந்தப் பக்கம் கிளம்பினார். எங்க ஊர் வழியாத்தான் வந்திருக்கணும். ஆதாரம் கேட்காதீங்க, இது என் சொந்தக் கணிப்பு.

பெய்லி ஆகஸ்ட் 25 அன்னிக்குக் கொசஸ்தலை ஆத்தோட வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆத்துல தண்ணி கிட்டத்தட்ட இல்லை. தாண்டியிருக்கலாம். காலையில பார்த்துக்கலாம்னு கூடாரம் போட்டார். ராத்திரி வெள்ளம் வந்துடுச்சு. செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் அக்கரை போக முடியல. அத்தனை நாளும் ஹைதருக்கு லாபம்.

புத்தகங்கள்ல பெய்லிக்கு விழற முதல் திட்டு இதுக்குத்தான். எனக்கு ஒப்புக்கொள்ள மனசில்லை. மேலே எங்கேயோ மழை பெஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? போகிமான்ல தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற 'ஹைட்ரோ பம்ப்'னு ஒரு அடி உண்டு. நூத்துக்கு எண்பது தடவைதான் படும். 'சர்ஃப்' பலம் கம்மி, ஆனா குறி தவறாது. பம்ப் தவறிப் போச்சுன்னா அதைத் தேர்ந்தெடுத்தது முட்டாள்தனம்னு ஆயிடாது. அடிச்சபோது கணக்கு எப்படி இருந்ததுன்னுதான் பார்க்கணும். நடந்து வந்து களைச்ச படையை வறண்ட ஆத்தங்கரையில படுக்க வெச்சது அப்படியொண்ணும் பெரிய குத்தம் இல்லை.

செப்டம்பர் 6. பெரம்பாக்கத்துல திப்பு பெய்லியை மடக்கறார். பெய்லி சமாளிச்சுட்டார், ஆனா மேலே நகர முடியல. காஞ்சிபுரம் அங்கேர்ந்து பதினாலு மைல்தான். 'நீங்க வாங்க'ன்னு மன்றோவுக்குக் கடுதாசி. மன்றோவுக்குத் தர்மசங்கடம். அவர் கையில இருந்த அரிசி கொஞ்சம், அதுவும் காஞ்சிபுரத்துல. படையோட கிளம்பினா ஹைதர் அதை எடுத்துக்குவார். அதனால தான் கிளம்பாம, கர்னல் ஃப்ளெட்சரோட சுமார் ஆயிரம் பேரை 8ந்தேதி ராத்திரி அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரோட ஆளுங்க. ஃப்ளெட்சருக்குச் சந்தேகம் வந்து திடீர்னு வேற பாதையில திரும்பி, மறுநாள் காலையில பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டார். இந்த முழுக் கதையிலயும் எனக்குப் பிடிச்ச கணிப்பு இதுதான்.

இப்போ ஹைதர் கூடாரத்துக்கு வாங்க. ஃப்ளெட்சர் போய்ச் சேர்ந்த சேதி கேட்டு அங்கே இருந்த ஃபிரெஞ்சு அதிகாரிகள் பதறிட்டாங்க. ஆயிரம் பேரை இப்படி அனுப்பறான்னா மன்றோ பெரிய திட்டம் வெச்சிருக்கான், முன்னால பெய்லி, பின்னால மன்றோ, நடுவுல நம்மை நசுக்கப் போறான், பின்வாங்கிடலாம்னு சொன்னாங்க. அழகான கணிப்பு! புத்திசாலி தளபதி அதைத்தான் செஞ்சிருப்பான். அக்கா பையன் சொன்ன அதே கதை, மன்றோ அதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

ஹைதர் யோசனையை நம்பல, ஒற்றர்களை நம்பினார். மன்றோ கூடாரத்துல புறப்படற அறிகுறியே இல்லைன்னு அவங்க சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி பீரங்கிகளையும் காலாட்படையையும் திப்பு பக்கம் அனுப்பிட்டு, விடியறதுக்கு முன்னாடி தானும் போயிட்டார்.

அதே ராத்திரி பெய்லி காஞ்சிக்குப் பத்து மைலுக்குள்ள வந்துட்டு மறுபடி நின்னார். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. இந்தத் தடவை நானும் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். கொசஸ்தலையில எதிரி பக்கத்துல இல்லை. இங்கே எதிரி கண்ணெதிரே.

செப்டம்பர் 10 காலை. பீரங்கி, குதிரைப்படை, மைசூர் ராக்கெட். பெய்லியோட வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுச் சிதறினதோட கதை முடிஞ்சது. ஃப்ளெட்சர் செத்தார். பெய்லி கைதாகி 1782ல ஸ்ரீரங்கப்பட்டணத்துலயே இறந்தார். காலையில குண்டுச் சத்தம் கேட்டுத்தான் மன்றோ கிளம்பினார். வழியில எதிர்ப்பட்ட காயம்பட்ட சிப்பாய் ஒருத்தன் சேதி சொன்னான். காஞ்சிபுரம் திரும்பி, கனமான பீரங்கிகளைக் குளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டுப் பக்கம் ஓட்டம். எந்த அரிசிக்காக நகராம இருந்தாரோ அந்த ஊரையே விட்டாச்சு.

எல்லாரும் பெய்லியைத் திட்டறாங்க. என் ஓட்டு மன்றோவுக்கு. ஜந்துவை மாத்தவே மாட்டான்னு தெரிஞ்ச ஆளோட ஆடறதுல எதிராளிக்கு ரிஸ்க்கே கிடையாது. மன்றோ கிளம்புவாரோன்னு ஒரு சந்தேகத்தை மட்டும் உண்டாக்கியிருந்தாலே ஹைதர் பாதிப் படையையாவது காஞ்சிபுரம் பக்கம் நிறுத்தியிருக்கணும்.

திப்பு இந்த வெற்றியை 1784ல ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் சுவர்ல வரைய வெச்சார். பல்லக்குல பெய்லி, வெடிக்கிற மருந்து வண்டி எல்லாம் இருக்கும். இதே காட்சியோட பழைய ஓவியம் ஒண்ணு 2022ல லண்டன் ஏலத்துல 6,30,000 பவுண்டுக்குப் போச்சு.

அடுத்தது தமாஷ். ஒரு வருஷம் கழிச்சு, 1781 ஆகஸ்ட் 27. இந்தத் தடவை எதிர்ல அயர் கூட். ஹைதர் எங்கே நின்னார் தெரியுமா? அதே புள்ளலூர்! ராசியான இடம்னு ஜோசியர்கள் சொன்னாங்களாம். அன்னிக்கு ஒற்றனை நம்பின மனுஷன் இன்னிக்குப் பயறு முளைக்குமான்னு பார்க்கறார். ராசி பலிக்கல. களம் கூட் கையில நின்னது, ஆனா இழப்பு அதிகம். ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு கால் போச்சு.

அந்தச் சண்டையில செத்த ஆங்கில அதிகாரிகளோட நினைவுத்தூண்கள் இன்னும் வயல் நடுவே நிக்குது. பையனை வண்டியில கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். கல்லைச் சுத்தி வந்தான். கொஞ்ச நேரம் பேசல.

"மாமா, மன்றோ கிளம்பியிருந்தா அரிசி போயிருக்கும்ல?"

"போயிருக்கும்டா."

"எவ்ளோ அரிசி?"

"சில நாள் சாப்பாடுதான்."

"அதுக்கா?" என்றான். திரும்பி வர்ற வழி பூரா போனை எடுக்கல.