மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை

மிசோரம் மாநிலத்தின் மிகப் பெரிய கிறிஸ்தவத் திருச்சபை. வேல்ஸ் நாட்டு மிஷனரி டி. இ. ஜோன்ஸ் 1897இல் ஐஸ்வால் வந்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. நிர்வாகம் மூப்பர்கள், போதகர்கள் வழியாக நடக்கிறது. உச்ச அமைப்பு சினாடு.

சபை வாழ்வின் ஆணிவேர் ‘புஹ்ஃபாய் தாம்’ எனப்படும் பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிறார். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று வாங்கி வருவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. 1910 வாக்கில் தொடங்கிய இவ்வழக்கம், பணப்புழக்கம் குறைந்த மலையூர்களிலும் சபை சொந்தக் காலில் நிற்கப் பெரிதும் உதவியது.

ஆராதனையில் ‘குவாங்’ என்னும் மரபு மேளம் உண்டு. தொடக்ககாலத்தில் அதைக் கோயிலுக்குள் விடத் தயங்கினார்கள். இன்று மேளமின்றிக் கூட்டுப்பாடல் இல்லை. ஆராதனை நாளான ஞாயிறன்று ஐஸ்வால் கடைவீதி ஏறக்குறைய முழுதும் அடைத்துக்கிடக்கும்.

ஐஸ்வாலை அடுத்த துர்ட்லாங்கில் 1928இல் தொடங்கிய மருத்துவமனையைச் சபை நடத்துகிறது. மதுவிலக்கில் சபையின் குரல் அரசியலையே அசைக்கவல்லது: 1997இல் அமலான முழு மதுவிலக்கு 2015இல் தளர்ந்தபோது கடுமையாக எதிர்த்தது. 2019இல் மதுவிலக்கு மீண்டும் சட்டமானது.