யார் பார்க்கிறார்கள்? (9) – ரேகைச் சட்டமும் பிரவுசிங் சென்டர் நோட்டும்

போன வாரம் கமுதி வட்டாரத்தில், பெருவிரலில் மை தடவி நின்ற மனிதர்களோடு நிறுத்தியிருந்தோம்.

அவர்களை அப்படி நிற்க வைத்த சட்டத்தின் பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். ஊர் வாயில் ரேகைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அன்றைக்கு அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போனால் மறவர் கிராமங்கள் பல இந்தச் சட்டத்தின் பிடியில். ஒருவர் என்ன குற்றம் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. பிறந்த சாதியே போதுமாக இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் வீடு மாறினாலும் ஊரை விட்டுப் போனாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆண்பிள்ளைகள் ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கிராமம் கிராமமாகப் போய் இதை எதிர்த்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது.

ஆனால், முன்கூட்டியே எல்லார் பெயரையும் எழுதி வைக்கலாம் என்ற எண்ணம் ஒழிந்ததா?

2011 ஏப்ரலுக்கு வாருங்கள். மத்திய அரசு சைபர் கபே விதிகளைக் கொண்டுவருகிறது. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போகும் பிள்ளை முதலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெயர், முகவரி, போன் நம்பர், எந்தக் கம்ப்யூட்டர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். கம்ப்யூட்டரைச் சுற்றிய தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: அந்தக் கம்ப்யூட்டரில் எந்தெந்தத் தளங்கள் திறக்கப்பட்டன என்ற விவரத்தைக் கடைக்காரர் ஒரு வருடம் பாதுகாக்க வேண்டும்.

ரேகைச் சட்டம் உண்டாக்கிய காயத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அது தலைமுறைகளைத் தலைகுனிய வைத்தது. ஆனால் எல்லாரையும் முதலில் எழுதிக்கொள், சந்தேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற புத்தி இரண்டிலும் ஒன்றுதான். அது தவறு.

இன்று கையிலேயே போன். அந்தப் பிரவுசிங் சென்டர் நோட்டு எங்கே போயிற்று? நெட் தரும் கம்பெனியிடம். முகவரி https என்று தொடங்கும் தளம் என்றால், உள்ளே படித்ததும் எழுதியதும் கம்பெனிக்குத் தெரியாது. தளத்தின் பெயர் பெரும்பாலும் தெரியும். அருப்புக்கோட்டை – திருச்சுழி பஸ்ஸில் நீங்கள் எந்த ஸ்டாப்பில் இறங்கினீர்கள் என்று கண்டக்டருக்குத் தெரியும், யார் வீட்டில் என்ன பேசினீர்கள் என்று தெரியாது, அதுபோல. ஆனால் சில சமயம் ஸ்டாப்பின் பெயரே போதுமே! ராத்திரி ஒரு மணிக்குப் புற்றுநோய் மருத்துவமனையின் தளத்தைத் திறந்த வீட்டைப் பற்றி வேறென்ன தெரிய வேண்டும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் டிசம்பரிலேயே, கம்ப்யூட்டர் தகவல்களை இடைமறித்துப் பார்க்க மத்திய உள்துறை பத்து அமைப்புகளின் பெயரை அறிவித்தது.

சரி, குரோமில் கறுப்பு நிறத்தில் திறக்கும் ரகசிய ஜன்னல் இருக்கிறதே, அதில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே? உங்கள் போனில் வரலாறு தங்காது, உண்மை. மற்றவர்களிடம்?

இதே கேள்வியோடு 2020 ஜூனில் கலிபோர்னியாவில் கூகுள் மீது ஒரு வழக்கு விழுந்தது. 2024-இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. ரகசிய ஜன்னலில் பார்த்தவற்றுக்குப் பதிவுகள் எங்கிருந்து வந்தன?

அடுத்த வாரம்.