விட்டவரா, விடுபட்டவரா?

காசநோயாளி ஒருவர் இரண்டு மாதம் தொடர்ந்து மருந்து எடுக்கவில்லை. அவருடைய சிகிச்சை அட்டையில் என்ன எழுதுவது? இந்தியாவின் காசநோய்த் திட்டத்தில் பல ஆண்டுகளாக இதற்கென்று இருந்த சொல் 'டிஃபால்ட்டர்'. கடன் தவணையைக் கட்டாதவருக்கும் அதே சொல்தான். 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் வரையறைகளைத் திருத்தியபோது இதை எடுத்துவிட்டு, 'தொடர்கண்காணிப்பில் விடுபட்டவர்' என்று பொருள்படும் சொல்லை வைத்தது. குற்றவாளியைத் தேடும் தொனியில் இருந்த 'டிபி சஸ்பெக்ட்' என்பதும் அப்போதே போனது. நோய் இருக்கக்கூடும் என்று கருதப்படுபவர் என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. அந்தத் திருத்தத்தில் இரண்டு மாதம் என்ற அளவுகோல் மாறவில்லை. அப்படியென்றால் மாறியதுதான் என்ன? செவிலியரின் பதிவேட்டில் ஒரு சொல் நிலைபெறும்போது, பிழை யாருடையது, அடுத்த அடியை யார் எடுத்துவைக்க வேண்டும் என்பதும் அதோடு முடிவாகிவிடுகிறது. காசநோய்ப் பராமரிப்பின் வரலாறு இதைக் காட்டுகிறது. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி சென்னையில் நடந்தது.

தாம்பரம், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் போன்ற சானடோரியங்களின் காலத்தில் செவிலியர் வேலை ஓய்வு, காற்றோட்டம், சத்துணவு, காய்ச்சல் அட்டவணை ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. நோயாளி அவர் கண்முன்னே படுத்திருந்தார். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்த நிலையைப் புரட்டிப்போட்டது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும், நெரிசலான வீடுகளில் குறைந்த உணவோடு இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பது தொடர்ந்து செய்த ஆய்வில் தெரிந்தது. ஏழை நாடுகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் புதிய கவலை ஒன்றும் கூடவே வந்தது. நோய்க்குறி அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். அதை விழுங்குகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் 1958லேயே, நோயாளி தாமே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி எழுதினார். செவிலியரும் சுகாதாரப் பார்வையாளர்களும் வீடு வீடாகப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரில் மருந்தின் தடயத்தைத் தேடினார்கள். இந்தக் கண்காணிப்பு தேவையாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணுவதற்கென்று பிறந்த பதிவேட்டில், எண்ணிக்கை குறைந்தால் காரணத்தை எழுத இடமில்லாமல் போனது. பேருந்துக்குக் காசில்லாதவர், மருந்தால் வாந்தி எடுத்தவர், ஊர் தெரிந்துகொள்ளுமே என்று மறைந்தவர், கூலிக்கு வெளியூர் போனவர், எல்லோரும் ஒரே பெயரில் அடைக்கப்பட்டார்கள்.

செவிலியர் தங்கள் வேலைக்குத் தாங்களே பெயர்வைக்க முனைந்தபோதும் இந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த மாநாட்டிலிருந்து வளர்ந்த நாண்டா என்ற செவிலியர் நோயறிதல் பட்டியலில் 'இணங்காமை' என்பதே செவிலியர் கண்டறியும் ஒரு நிலையாக நெடுங்காலம் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1989இல் சியோலில் எடுத்த முடிவின் விளைவாக உருவான ஐசிஎன்பி என்ற செவிலியர் சொல்தொகுதி வேறு வழியில் போனது. நோயாளியின் நிலை, செவிலியர் செய்வது, அதன் பலன் என்று மூன்றையும் அது சொற்களால் இணைக்கிறது. 2008இல் வந்த அதன் கையேட்டின் தலைப்பே தனிநபரோடும் குடும்பத்தோடும் கூட்டாகச் செயல்பட்டு, சிகிச்சையைத் தொடரச் செய்வது பற்றியது. பக்கவிளைவு என்று பதிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போக்குவரத்துச் சிரமம் என்று பதிந்தால் மருந்தை அருகில் கொண்டுவர வேண்டும். 'டிஃபால்ட்டர்' என்று பதிந்தால் நோயாளியைத் துரத்துவதைத் தவிர வேறு வேலை எதுவும் எழுவதில்லை.

இது வெறும் நாசூக்கு என்போர் உண்டு. இடையில் மருந்தை நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகிப் பிறருக்கும் பரவக்கூடும். கடுமையாகப் பேசாமல் எப்படி என்று கேட்பார்கள். ஆபத்து உண்மைதான். அதனாலேயே காரணம் தெரிய வேண்டும். காரணத்தை மறைக்கும் சொல்லால் பரவலைத் தடுக்க முடியாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: ஏற்கெனவே ஆள் பற்றாத வார்டில் குறியீட்டுப் பட்டியல் மற்றொரு எழுத்துச் சுமையாகிவிடும், ஒவ்வொரு நோயாளியின் தனிக்கதையும் அதில் கரைந்துவிடும் என்பது. இதை நான் ஏற்கிறேன். ஆயிரக்கணக்கான சொற்களை ஒரு செவிலியர்மேல் சுமத்துவது கொடுமை. ஆனால் பொதுச்சொல்லே இல்லாவிட்டால், அவர் கண்டது அவருடைய பணிநேரத்தோடு முடிந்துவிடும். பத்து ஊர்ச் செவிலியர்கள் ஒரே தடையைக் கண்டாலும் மேலதிகாரிக்கு அது ஒரு தொகையாகத் தெரியாது. தேவை, அட்டையில் அடங்கும் சில காரணச் சொற்கள்தான்.

2021இல் ஐசிஎன்பி, ஸ்னோமெட் சிடி என்ற உலகளாவிய மருத்துவச் சொல்தொகுதிக்குள் சேர்க்கப்பட்டது. இனி இந்தச் சொற்கள் கணினித் திரையில் வரும். அவற்றைத் தமிழில் பெயர்ப்போரும் வருவார்கள். நோயாளியிடம் தமிழில் பேசி, ஏட்டில் ஆங்கிலத்தில் எழுதும் செவிலியர்களைக் கேட்காமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். 'மருந்தை விட்டவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.