கொல்லிமலைப் பையனும் அப்பாவோட செருப்பும்

போன வருஷம் குடும்பத்தோட கொல்லிமலை போயிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். செருப்பைக் கழட்டிட்டு நடந்தா கல்லு தோசைக்கல்லு மாதிரி சுடுது. நான் குதிச்சுக் குதிச்சு ஓடினேன். அப்பா மட்டும் நிதானமா மூணு சுத்து சுத்தினார். "என்னடா டான்ஸ் ஆடற?"ன்னு கேலி வேற.

ராத்திரி ரூம்ல பார்த்தா அவரோட ரெண்டு உள்ளங்கால்லயும் கொப்புளம். அவருக்கு 18 வருஷமா சர்க்கரை. கால் மரத்துப் போயிருந்தது அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, அவருக்கும்தான்.

புண் ஆறினதும் டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார். காலை அளவெடுத்து, பாதத்தோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி உள் அட்டை வெச்சுக் கொடுத்தாங்க. இந்தச் செருப்போட பூர்வீகத்தைத் தோண்டினா, கடைசியில அது திரும்பவும் கொல்லிமலைக்கே வந்து நிக்குது!

ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட்னு ஒரு பாதிரியார் தம்பதி, ரோடு இல்லாத காலத்துல மலையேறி வாழவந்தியில குடியிருந்தாங்க. 1914ல பிறந்த அவங்க பையன் பால் பிராண்ட், 9 வயசு வரைக்கும் வளர்ந்தது இந்த மலையிலதான். 1923ல படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. 1929ல அப்பா இங்கேயே காய்ச்சல்ல போயிட்டார். (அந்தம்மா தனிக்கதை. வயசான காலத்துலயும் மலை மலையாச் சுத்தி வேலை பார்த்து, 95 வயசுல 1974ல இறந்தாங்க.)

பால் முதல்ல கத்துக்கிட்டது கட்டட வேலை. அப்புறம்தான் டாக்டர் படிப்பு. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளோட மடங்கின விரலை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினதுக்குத்தான் அவர் பேர் பெத்தவர். ஆனா எனக்கு முக்கியம் கால் சமாச்சாரம்.

தொழுநோய்ல சதை தானா அழுகி விழுதுன்னு அப்போ நம்பினாங்க. இவர் அப்படியில்லைன்னு காட்டினார். நோய் நரம்பைக் கெடுக்குது, வலி தெரியாமப் போகுது, அவ்வளவுதான். நமக்குக் கால்ல ஒரு இடம் நொந்தா, நம்மை அறியாமலே நொண்டி பாரத்தை மாத்திக்கிறோம். அவங்களுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. அதே இடத்துல ஆயிரம் தடவை மிதிச்சு, உள்ளே கன்றி, கடைசியில உடைஞ்சு புண்ணாகுது.

கட்டட வேலை தெரிஞ்ச ஆளுங்கறதாலயோ என்னவோ, பாரம் எங்கே இறங்குதுன்னு பார்த்தார். ஒரே புள்ளியில இறங்கறதை உள்ளங்கால் முழுக்கப் பரப்பிட்டா புண் வராது. அதுக்குத்தான் பாதத்துக்கேத்த அட்டை. சின்னச் சின்னக் காத்தறைகள் நிறைஞ்ச ரப்பர் மேலே, முள் ஏறாத கெட்டி ரப்பர் கீழே. ஆணி அடிக்கக் கூடாது, குத்தினா தெரியாதே! வெளிநாட்டுல பனிச்சறுக்கு பூட்ஸுக்குள்ள காலுக்கேத்த அட்டை செஞ்சு போடறாங்களே, அதுவும் பாரத்தைப் பரப்பற இதே கணக்குதான்.

1966ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரைக்காரங்க காலுக்கும் அதே வைத்தியம்தான்னு அங்கே சொல்லிக் கொடுத்தார். 2003ல காலமானார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அப்பா செருப்பைத் தொடலை. "இது பெருவியாதிக்காரன் செருப்புடா, பார்த்தா என்ன நினைப்பாங்க?" அவர் சொல்றதும் பொய்யில்லை. இந்தச் செருப்பே அடையாளமாகிடும்னு பயந்து போடாம விட்ட நோயாளிங்க நிறைய. கோபம் வந்தாலும் வாயை மூடிக்கிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு, மேலே சாதாரணத் தோல் வார் வெச்சு மாத்தித் தெச்சு வாங்கிட்டு வந்தோம். இப்போ போடறார். கோயிலுக்கு மட்டும் காலையில 6 மணிக்கே கூட்டிட்டுப் போயிடறேன், கல்லு சூடாகறதுக்குள்ள.